ஆட்டு மூக்கும் ஒரு பிடி கல்லுப்பும்

என் மகளின் எம்.ஃபார்ம் ஆராய்ச்சியை நாற்பது நாட்களாக யாரோ கெடுத்துக்கொண்டிருந்தார்கள். மருந்தைச் சந்தேகித்தோம். இயந்திரத்தைச் சந்தேகித்தோம். ஒரு கட்டத்தில் ஆட்டையே சந்தேகித்தோம். என்னை மட்டும் யாரும் சந்தேகிக்கவில்லை. நானும் என்னைச் சந்தேகிக்கவில்லை.

இரண்டாயிரத்து எட்டாம் வருடம். நாங்கள் கடலூர் மஞ்சக்குப்பத்தில் குடியிருந்தோம். நான் ஓர் அரசு அலுவலகத்தில் உதவியாளர். கோப்பில் ஒரு தாள் முன்பின்னாக இருந்தாலும் எனக்கு அன்று சோறு இறங்காது. என் வீட்டுக்காரர் பள்ளியில் கணக்கு வாத்தியார். அவருக்கு எது நடந்தாலும் சோறு இறங்கும். ஒரே மகள். தினமும் காலை ஏழு மணி பஸ்ஸில் சிதம்பரம் போய்ப் படித்துவிட்டு, சாயங்காலம் திரும்பி வருவாள்.

கடைசி வருட ஆராய்ச்சிக்கு அவள் எடுத்துக்கொண்ட விஷயம் மூக்கு. நான் தோசைக்கு மாவு கரைத்துக்கொண்டிருந்தபோது அடுப்படி வாசலில் நின்று அதை எனக்கு விளக்கினாள். ஒற்றைத் தலைவலி வந்தவர்களுக்குக் கூடவே வாந்தியும் வரும், மாத்திரை போட்டால் மாத்திரையும் வெளியே வந்துவிடும். அதனால் மருந்தை மூக்கு வழியாகக் கொடுக்கலாம். ஆனால் மூக்கு மகா சுத்தக்காரி. உள்ளே எது வந்தாலும் கால்மணி நேரத்துக்குள் தொண்டைக்குத் தள்ளிவிடும். அப்படித் தள்ள முடியாதபடி மருந்தைப் பொடிப்பொடி உருண்டைகளுக்குள் வைத்து, அந்த உருண்டைகளை மூக்கின் உட்சவ்வில் ஒட்டிக்கொள்ள வைக்க வேண்டும். ஒட்டிக்கொண்டு மெதுவாக மருந்தைக் கசிய விட வேண்டும்.

"எவ்ளோ பொடி உருண்ட?" என்று கேட்டேன்.

"கோலமாவு இருக்குல்ல, அதைவிட நைசு. மைக்ரோஸ்கோப்புலதான் உருண்டன்னே தெரியும்."

"எதுல செய்யறது?"

"இறா ஓட்டுலருந்து எடுக்கிற ஒரு பொருள்."

"இறா ஓடா? துறைமுகத்துல வண்டி வண்டியாக் கெடக்குதேடி. நாளைக்கே ஒரு கூடை வாங்கியாறேன்."

"அம்மா, அது பாட்டில்ல சுத்தமா வருது. நீ எதுவும் வாங்காத."

உருண்டை ஒட்டுகிறதா என்று பார்க்க ஒரு மூக்கு வேண்டும் என்றாள். மனித மூக்கை யாரும் தர மாட்டார்கள். பேப்பரில் தலை மறைந்திருந்த என் வீட்டுக்காரர், "என்னுதுல பாதி எடுத்துக்கம்மா, தாராளமாத்தான் இருக்கு" என்றார். அவரைக் கண்டுகொள்ளாமல், ஆட்டு மூக்கின் உள்சவ்வு போதும், ஆனால் புதிதாக இருக்க வேண்டும் என்றாள் மகள்.

இங்கேதான் சிக்கல். எங்கள் பக்கத்தில் ஆட்டுத் தலையைத் தீயில் வாட்டி, முடியைச் சுரண்டித்தான் விற்பார்கள். இவள் சிதம்பரத்தில் இறங்கிக் கறிக்கடைக்குப் போய்ச் சேர எட்டரை ஆகிவிடும். அதற்குள் எல்லாத் தலையும் வாட்டப்பட்டுக் கறுப்பாக வரிசையில் உட்கார்ந்திருக்கும். வாட்டிய மூக்கில் சவ்வு வெந்துவிடும். முதல் வாரம் வெறுங்கையோடு திரும்பி வந்து முகத்தைத் தொங்கப் போட்டாள்.

நான்தான் வாயைக் கொடுத்தேன். "நம்ம கறிக்கட பாய் விடியக்காலையிலயே அறுக்கறாரு. நான் வாங்கித் தர்றேன், நீ எடுத்துட்டுப் போ."

மறுநாள் ஐந்தரைக்கே கடைக்குப் போய் நின்றேன்.

"பாய், தலைய வாட்டாம குடுங்க."

"வாட்டாம என்னா பண்ணுவீங்க? முடியோட கொழம்பு வெக்கப் போறீங்களா?"

"மூக்கு மட்டும் வேணும் பாய்."

வெட்டிக்கொண்டிருந்த கத்தி நின்றது. "மூக்கா?"

"மூக்குக்கு உள்ள இருக்கிற தோலு. மெல்லிசா, ஈரமா இருக்குமாம்."

என் பின்னால் ஈரலுக்காக நின்ற ஒருவர், "எதுக்கும்மா, சளிக்குக் கேக்குமா?" என்று கரிசனமாகக் கேட்டார்.

"இல்லீங்க, எம் பொண்ணு மருந்து கண்டுபுடிக்கிறா. அத ஒட்டிப் பாக்கணும்."

"ஆட்டுக்கா?"

"மனுசங்களுக்கு."

"அப்ப ஆட்டு மூக்குல ஒட்டி என்னா பிரயோசனம்?"

பாய் அவரை அடக்கினார். "சும்மா இருங்க மாமா, படிச்சவங்க சொல்றாங்க." தலையை எடுத்து, மூக்கின் மேல் கத்தியை வைத்து ஒரே போடாகப் பிளந்து, நடுவிலிருந்து வெளிர் ரோஜா நிறத்தில் ஒரு சவ்வை உரித்து எடுத்தார். அதைத் தூக்கிப் பிடித்து வெளிச்சத்தில் பார்த்தார். "முப்பது வருசமா அறுக்கறேன். மூக்குக்குள்ள இப்பிடி ஒண்ணு இருக்குன்னு இன்னிக்குத்தான் பாக்கறேன்."

அதிலிருந்து பாய் எங்கள் ஆராய்ச்சியில் ஒரு பங்காளி ஆகிவிட்டார். வாரத்தில் மூன்று நாள் எனக்காக ஒரு தலை வாட்டாமல் காத்திருக்கும். வருகிறவர்கள் போகிறவர்களிடம், "நம்ம கட மூக்கு காலேஜுக்குப் போவுது" என்று சொல்லிக்கொண்டார்.

மூக்கை மட்டும் யாரும் விற்பதில்லை என்பதால், மிச்சத் தலையையும் வாங்க வேண்டியிருந்தது. வாரம் மூன்று நாள் எங்கள் வீட்டில் தலைக்கறிக் குழம்பு. முதல் வாரம் என் வீட்டுக்காரர் மகளின் படிப்பை வானளாவப் புகழ்ந்தார். இரண்டாவது வாரம், "மூளைய மட்டும் வறுத்துடேன்" என்றார். நான்காவது வாரம் தட்டின் முன் உட்கார்ந்து, "ஏம்மா, இன்னிக்கு ரசம் மட்டும் ஊத்து. ராத்திரி கனவுல ஒரு ஆடு வந்து மூக்கக் கேட்டுச்சு" என்றார்.

இனி நான் செய்ததைச் சொல்ல வேண்டும்.

பாய் வாழையிலையில் மடித்துத் தரும் சவ்வை வீட்டுக்குக் கொண்டுவந்ததும் அலுமினியச் சட்டியில் போடுவேன். ஒரு பிடி கல்லுப்பு, அரை ஸ்பூன் மஞ்சள்தூள். விரல் நுனியால் அழுத்தி, அதன் வழவழப்பு சுத்தமாகப் போகும்வரை தேய்ப்பேன். மூன்று தண்ணீர் அலசுவேன். பிறகு மகள் தந்திருந்த சிறிய டப்பாவில், அவள் தந்திருந்த திரவத்துக்குள் அதைப் போட்டு மூடி, ஐஸ்கட்டி நிரப்பிய பெரிய டப்பாவுக்குள் வைப்பேன். அந்த நேரத்தில் அவள் குளித்துக்கொண்டிருப்பாள்.

முதல் நாளே அவள் சொல்லியிருந்தாள். "ஒண்ணும் பண்ணாதம்மா. அப்பிடியே டப்பாவுல போட்டுடு." நான் ஒன்றும் பண்ணவில்லை என்றுதான் சத்தியமாக நினைத்தேன். கறி, மீன், நண்டு என்று எது வாசல்படி தாண்டினாலும் உப்பும் மஞ்சளும் போட்டுக் கழுவி இருபத்தைந்து வருடம் ஆகிறது. செருப்பைக் கழற்றிவிட்டு வீட்டுக்குள் வருவதை யாராவது ஒரு வேலை என்று கணக்கில் வைப்பார்களா? அப்படித்தான் அதுவும்.

டப்பாவின் மேல் ஒரு தாள் ஒட்டினேன். அலுவலகத்தில் தட்டச்சு செய்து கொண்டுவந்தது. 'இது உணவு அல்ல. ஆராய்ச்சிப் பொருள். தவறாகத் திறக்க வேண்டாம்.' கீழே தேதி போட இடமும் விட்டிருந்தேன். அதைப் பார்த்த மகள், "இதப் படிச்சுட்டுத்தாம்மா பஸ்ல எல்லாரும் என்னையே பாக்கறாங்க" என்றாள். ஒரு கண்டக்டர் அவளிடம், "பாம்பு கீம்பு எதுவும் இல்லியே பாப்பா?" என்று கேட்டுவிட்டுத்தான் டிக்கெட் கிழித்தாராம்.

சாயங்காலங்கள் மோசமாகிக்கொண்டே வந்தன.

ஒரு கண்ணாடித் துண்டில் சவ்வைக் கட்டி, அதன் மேல் உருண்டைகளைத் தூவி, ஓர் இயந்திரத்தில் மாட்டிவிடுவார்களாம். அது அந்தக் கண்ணாடியைத் திரவத்துக்குள் முக்கி முக்கி எடுக்கும். கொஞ்ச நேரத்துக்கு ஒரு முறை எத்தனை உருண்டை மிச்சம் இருக்கிறது என்று எண்ண வேண்டும். நல்ல உருண்டை மணிக்கணக்கில் விடாது என்றாள். இவளுடையவை பத்து நிமிடத்தில் ஓடிவிட்டன.

உருண்டை செய்யும் அளவுகளை மாற்றினாள். கலக்கும் வேகத்தை மாற்றினாள். கெட்டியாக்கும் மருந்தைச் சொட்டுச் சொட்டாகக் கூட்டினாள், குறைத்தாள். ஒவ்வொரு புது உருண்டையும் ஒரு புது ஆட்டு மூக்கிலிருந்து வழுக்கிக்கொண்டு போனது. என் வீட்டுக்காரர் அவளுடைய நோட்டை வாங்கிக் கணக்கெல்லாம் சரிபார்த்துவிட்டு, "கழித்தல்ல தப்பில்ல. மிச்சம்தான் இல்ல" என்றார். அவள் சிரிக்கவில்லை. சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

புதுச்சேரியில் ஒரு மருந்துக் கம்பெனியில் அவளுக்கு வேலை தருவதாகச் சொல்லியிருந்தார்கள். ஜூன் முடிவதற்குள் ஆய்வேட்டைக் கொடுத்திருக்க வேண்டும் என்பதுதான் நிபந்தனை. உருண்டை ஒட்டாவிட்டால் ஆய்வேடு இல்லை. ஆய்வேடு இல்லாவிட்டால் வேலை இல்லை. எனக்கு இரவு பகல் இதே நினைப்பு. ஒரு திங்கட்கிழமை லீவு போட்டுவிட்டுத் திருவதிகைக் கோயிலுக்குப் போனேன். அர்ச்சனைத் தட்டை நீட்டியபோது குருக்கள், "என்ன பிரார்த்தனை?" என்று கேட்டார். "எம் பொண்ணு செய்யறது ஒட்டணும் சாமி" என்றேன். அவர் ஒரு கணம் யோசித்துவிட்டு நட்சத்திரத்தை மட்டும் கேட்டுக்கொண்டார்.

அந்த வாரத்தில்தான் காமாலை வந்தது.

அவளுடைய ஆய்வுக்கு வழிகாட்டிய மேடம் கண்ணாடித் துண்டைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "ஏன் இது மஞ்சளா இருக்கு? ஆட்டுக்குக் காமாலையா?" என்று கேட்டாராம். மகள் அதை வீட்டில் வந்து சொன்னதும் எனக்கு மூளையில் விளக்கு எரிந்தது. வேறு யாருக்காவது எரிந்திருந்தால் சரியான விளக்கு எரிந்திருக்கும். நான் விடிந்ததும் பாய் கடைக்கு நடந்தேன்.

"பாய், உங்க ஆட்டுக்குக் காமாலையாமே."

கடையில் நான்கு பேர் நின்றார்கள். பாயின் முகம் மாறிவிட்டது. "யாரு சொன்னா?"

"சிதம்பரத்துல."

"சிதம்பரத்துல ஒக்காந்துகிட்டு கடலூர் ஆட்டுக்குக் காமாலன்னு சொல்றாங்களா? டாக்டரு பாத்து முத்திர குத்துன ஆடும்மா!" தொங்கிக்கொண்டிருந்த தொடையில் நீல முத்திரையைக் காட்டினார். அது போதவில்லை என்று தலையை எடுத்து வந்து என் முகத்துக்கு நேராக நீட்டி, கண் இமையை விரலால் விரித்தார். "பாருங்க. வெள்ளையா இல்ல? சொல்லுங்க."

ஆடும் நானும் பார்த்துக்கொண்டோம். வெள்ளையாகத்தான் இருந்தது.

"நாக்கையும் பாருங்க."

"போதும் பாய்."

"இல்ல, நாக்கையும் பாருங்க. நாலு பேரு முன்னாடி சொல்லிட்டீங்க, நாலு பேரு முன்னாடி பாருங்க."

நாக்கையும் பார்த்தேன். அடுத்த முறை போனபோது பாய் கடைக்குப் பின்னால் என்னைக் கூட்டிப்போய், உயிரோடு நின்ற மூன்று ஆடுகளைக் காட்டி, "நீங்களே செலக்ட் பண்ணுங்க. நாளைக்கு என் பேர்ல பழி வேணாம்" என்றார். பட்டப்படிப்பு முடித்த அரசு ஊழியரான நான், காலை ஐந்தே முக்காலுக்கு, ஒவ்வோர் ஆட்டின் இமையையும் விரித்துப் பார்த்து நல்ல மூக்கு எது என்று முடிவு செய்தேன். பழுப்பு ஆட்டைத் தேர்ந்தெடுத்தேன். அது என் முந்தானையில் ஒரு சாண் மென்றுவிட்டது.

அன்று வீட்டுக்கு வந்ததும், எதற்கும் இருக்கட்டும் என்று, மஞ்சள்தூளைக் கொஞ்சம் ஜாஸ்தியாகவே போட்டுக் கழுவினேன்.

மேடம் கடைசி வாய்ப்பு கொடுத்தார். வரும் வெள்ளிக்கிழமை ஒரு சோதனை. அதிலும் ஒட்டாவிட்டால் இறா ஓட்டுப் பொருளையே கைவிட்டு வேறொன்றில் முதலிலிருந்து தொடங்க வேண்டும். அப்படியானால் ஆய்வேடு அடுத்த வருடம்தான். மகள் வியாழக்கிழமையே போய் ஒரு சிநேகிதியின் விடுதி அறையில் தங்கிக்கொண்டாள், காலையில் எல்லாவற்றையும் தயாராக வைத்திருக்க. மூக்கை நானே கொண்டுவருகிறேன் என்று சொல்லியிருந்தேன். மேடத்தைப் பார்த்துக் கெஞ்சலாம் என்றும் ஓர் எண்ணம். அதை அவளிடம் சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை பாய் கடை திறக்கவே தாமதம். ஆறே முக்காலுக்குத்தான் சவ்வு என் கைக்கு வந்தது. ஏழு மணி பஸ்ஸை விட்டால் அவ்வளவுதான். வீட்டுக்குப் போக நேரமில்லை. கடை வாசலிலேயே சவ்வை டப்பாவில் போட்டு, ஐஸ் டப்பாவில் வைத்து, ஷேர் ஆட்டோ பிடித்து, நகர ஆரம்பித்த பஸ்ஸில் தொற்றி ஏறினேன். உட்கார்ந்து மூச்சு வாங்கிய பிறகுதான் உறைத்தது. கழுவவில்லை.

கழுவாத கறியை ஒரு பேராசிரியர் முன்னால் எப்படி நீட்டுவது? எந்தக் குடும்பத்துப் பெண் என்று நினைப்பார்? ஆலப்பாக்கம், புதுச்சத்திரம் எல்லாம் தாண்டியும் இதே கவலை. பி.முட்லூரில் டிரைவர் டீ குடிக்க நிறுத்தினார். ஐந்து நிமிடம் என்றார் கண்டக்டர். எதிரே பெட்டிக்கடை, பக்கத்தில் ஓர் அடிபம்பு. ஆண்டவன் இருக்கிறான் என்று இறங்கி ஓடினேன்.

"கொஞ்சம் கல்லுப்பு குடுங்க."

"ஒரு கிலோ பாக்கெட்டுதாம்மா இருக்கு."

"குடுங்க குடுங்க."

இடுப்பில் டப்பா, கையில் ஒரு கிலோ உப்பு, பம்படியில் நின்று அடித்தேன். இரும்பு கதறியது. தண்ணீர் வரவில்லை. இன்னும் அடித்தேன். பெட்டிக்கடைக்காரர், "அது வராதும்மா, ரெண்டு மாசமாச்சு" என்று அங்கிருந்தே சொன்னார். அதற்குள் கண்டக்டர் விசில் அடித்துவிட்டார். "யம்மா, வர்றீங்களா, இல்ல அங்கியே குளிச்சிட்டு வர்றீங்களா?"

அந்தப் பம்பில் மட்டும் தண்ணீர் வந்திருந்தால் அன்றும் நான் கழுவியிருப்பேன்.

ஆய்வுக்கூடத்தில் மேடம் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். என் வயதுதான் இருக்கும், கண்ணாடியைக் கயிற்றில் மாட்டியிருந்தார். மகள் கண் சிவந்து இயந்திரத்தின் பக்கத்தில் நின்றாள். நான் டப்பாவையும் பதற்றத்தில் உப்புப் பாக்கெட்டையும் சேர்த்து மேசைமேல் வைத்தேன்.

"மேடம், மன்னிச்சுக்குங்க. இன்னிக்குக் கழுவ நேரமில்ல. பஸ்ஸு போயிடும்னு அப்பிடியே எடுத்தாந்துட்டேன். பி.முட்லூர்ல கழுவலாம்னு பாத்தேன், பம்புல தண்ணி வரல. இங்க குழா எங்கன்னு காட்டுனீங்கன்னா ரெண்டு நிமிசத்துல கழுவிக் குடுத்துடறேன்."

மகள் என்னைப் பார்த்தாள். உப்புப் பாக்கெட்டைப் பார்த்தாள்.

மேடம் மெதுவாகக் கேட்டார். "தினமும் கழுவுவீங்களா?"

"பின்ன? அப்பிடியேவா அனுப்புவேன்?"

"எதால?"

"உப்பு, மஞ்சத்தூள். வழவழப்பு போற வரைக்கும் நல்லாத் தேச்சுருவேன். அதுல எல்லாம் கொற வெக்க மாட்டேன் மேடம், நீங்க அவளையே கேளுங்க."

"ம்மா," என்றாள் மகள். அவ்வளவுதான் அவளால் சொல்ல முடிந்தது.

மேடம் எழுந்து வந்து என் தோளைத் தொட்டு நாற்காலியில் உட்கார வைத்தார். "அந்த வழவழப்புதாம்மா வேணும். மூக்குச் சளிதான் அது. உங்க பொண்ணு செய்யற உருண்ட அந்தச் சளியிலதான் ஒட்டும். நீங்க அதைத் தேச்சுக் கழுவிட்டு வெறுந்தோல அனுப்பிட்டிருந்தீங்க." பிறகு அவருக்கே தாங்காமல் திரும்பி நின்றுகொண்டார். முதுகு குலுங்கியது.

கழுவாத சவ்வைக் கண்ணாடியில் கட்டினாள் மகள். உருண்டைகளைத் தூவினாள். இயந்திரம் முக்கியது, எடுத்தது, முக்கியது, எடுத்தது. நான் ஒரு முக்கலையும் விடாமல் பார்த்துக்கொண்டிருந்தேன். பத்து நிமிடம். அரைமணி. ஒரு மணி நேரம். அவள் லென்ஸை வைத்துக்கொண்டு எண்ணினாள். மறுபடியும் எண்ணினாள். "இருக்கு மேடம்" என்றாள். "முக்கால்வாசி அப்பிடியே இருக்கு." சொல்லிவிட்டு வராந்தாவுக்குப் போய் நின்றுகொண்டாள். நான் பின்னாலேயே போகப் பார்த்தேன். மேடம் வேண்டாம் என்று தலையசைத்தார்.

திரும்பும் பஸ்ஸில் இரண்டு பேருக்கான சீட்டில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தோம். அவள் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தாள். மடியில் இருந்த ஒரு கிலோ உப்பை எங்கே வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை. புதுச்சத்திரம் தாண்டிய பிறகுதான் பேசினாள். கோபமாகக்கூட இல்லை.

"நாப்பது நாளும் நான் எதுக்கும் லாயக்கில்லாதவன்னு நெனச்சிட்டிருந்தேம்மா."

உப்புப் பாக்கெட்டைக் காலடியில் இறக்கி வைத்தேன். 'எனக்குத் தெரியாதேடி' என்று சொல்லியிருக்கலாம், உண்மையும் அதுதான். ஆனால் அவள் சுவரைப் பார்த்துப் படுத்திருந்த அத்தனை சாயங்காலமும் அடுத்த அறையில் நான் அவளுக்காக வேண்டிக்கொண்டிருந்தேன், விடிந்ததும் எழுந்து போய்க் கழுவிக்கொண்டிருந்தேன். இரண்டையும் ஒரே அக்கறையோடுதான் செய்தேன்.

ஜூனுக்கு அதிக நாள் இல்லை. பழைய உருண்டைகளையெல்லாம் மறுபடி சோதிக்க வேண்டியிருந்தது. பாயிடம் போய் நடந்ததைச் சொன்னேன், காமாலைப் பழியைத் துடைக்க வேண்டுமே. அவர் கத்தியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். "அப்ப எங்க ஆடு நல்ல ஆடு." அதை அன்று கடைக்கு வந்த ஒவ்வொருவரிடமும் என்னைச் சொல்ல வைத்தார். அதன்பிறகு தினமும் ஒரு மூக்கு கடை வாசலிலேயே டப்பாவுக்குள் போனது. என்னைச் சட்டிப் பக்கம் நெருங்க விடாமல் மகள் தலைகூடத் துவட்டாமல் வந்து வீட்டு வாசலில் நின்றாள்.

ஒருநாள் மேடம் என்னை வரச் சொன்னதாகச் சொன்னாள். பயந்துகொண்டே போனேன். வீணாய்ப்போன அந்த நாற்பது நாள் கணக்கைத் தூக்கிப் போட வேண்டியதில்லை என்றார் மேடம். சளி நீக்கிய சவ்வில் உருண்டை ஒட்டாது, சளி இருக்கும் சவ்வில்தான் ஒட்டும் என்பதற்கு இதைவிட நல்ல ஆதாரம் கிடைக்காது. ஒப்பிட்டுக் காட்ட ஓர் அட்டவணையாகப் போடலாம். ஆனால் சளியை எப்படி நீக்கினோம் என்று செய்முறையைத் துல்லியமாக எழுத வேண்டும்.

அப்படித்தான் நான் ஆய்வுக்கூடத்துத் தொட்டியில் வெள்ளைக் கோட்டு மாட்டிக்கொண்டு ஆட்டு மூக்கு கழுவினேன். மகள் ஸ்டாப் வாட்ச்சோடு பக்கத்தில் நின்றாள்.

"உப்பு எவ்ளோம்மா?"

"ஒரு பிடி."

"கிராம்ல சொல்லு."

"கிராம்ல எனக்கு எப்பிடித் தெரியும்? பிடிதான்."

தராசில் போடச் சொன்னாள். சராசரி எடுக்க வேண்டுமாம், மூன்று பிடி. மூன்று முறையும் முள் கிட்டத்தட்ட ஒரே இடத்தில் நின்றது. மேடம் குனிந்து பார்த்தார். "என் ஸ்டூடன்ட்ஸ் யாருக்கும் இந்தக் கை வராது." பள்ளிக்கூடத்தில்கூட என்னை யாரும் அப்படிப் பாராட்டியதில்லை. ஆனால் மகள் எழுதிய வரியில் ஒரு தகராறு வந்தது. 'மென்மையாகத் தேய்த்து' என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தாள். மென்மையாக எல்லாம் இல்லை, அழுத்தித்தான் தேய்த்தேன் என்று நான் ஆட்சேபித்தேன். ஓர் அரசு ஆவணத்தில் இல்லாததை எழுதக் கூடாது. மாற்றி எழுதினாள்.

ஜூன் முடிய மூன்று நாள் இருக்கும்போது ஆய்வேட்டைக் கொடுத்தாள். வாய்மொழித் தேர்வன்று நான் அறைக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். வெளியூரிலிருந்து ஒரு பேராசிரியர் வந்திருந்தார். கதவு மூடியிருந்தது. உள்ளே யாரோ சிரித்தார்கள். அது நல்ல சிரிப்பா கெட்ட சிரிப்பா என்று தெரியாமல் நான் எழுந்து நின்றேன், உட்கார்ந்தேன், எழுந்து நின்றேன்.

மகள் வெளியே வந்தாள். "முடிஞ்சுதும்மா. பாஸ்."

நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். "அந்த டேபிளப் பத்தி எதுனா கேட்டாங்களா?"

"அத மட்டும்தாம்மா ரொம்ப நேரம் கேட்டாரு. இந்த மாதிரி கழுவுற மொற எந்தப் பேப்பர்ல இருக்குன்னாரு. எங்க வீட்டுல இருக்கு சார்னேன்."

"என்னைப் போட்டுக் குடுத்துட்டியா?"

"எல்லாத்தையும் சொல்லிட்டேன். காமாலையும் சொல்லிட்டேன்." சொல்லிவிட்டு அவள் சிரித்தாள். இரண்டு மாதத்துக்குப் பிறகு அவள் பல் தெரிந்தது.

ஜூலையில் புதுச்சேரியில் வேலைக்குச் சேர்ந்தாள். அங்கேயே ஒரு விடுதியில் தங்கினாள். சாயங்காலம் போன் பேசும்போது சில நாள், "இன்னிக்கு ஒரு பேட்ச் சரியா வரலம்மா" என்பாள். நான் ரிசீவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிடுவேன். அவள் புதுச்சேரியில் இருக்கிறாள், நான் கடலூரில் இருக்கிறேன், அவள் தொழிற்சாலையின் வாசலைக்கூட நான் பார்த்ததில்லை. இருந்தாலும் அன்று காலையிலிருந்து நான் எதையெதைத் தொட்டேன், எதையெதைக் கழுவினேன் என்று ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்துவிட்டுத்தான், "என்னாடி ஆச்சு?" என்று கேட்பேன்.